ஒற்றைப் பனைமரத்துக்கு வலப்பக்கம்

2024 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்தே கால். திருவானைக்காவிலிருந்து கல்லணை போகும் ரோட்டில், உத்தமர்சீலி தாண்டி, காவிரிக் கரை. நான்கு பேர், இரண்டு கேமரா, ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்று, ஃப்ளாஸ்க்கில் ஆறிப்போன காப்பி. கிழக்கே பார்த்து நிற்கிறோம். கேமராவின் பின்திரையில் வால்மீன் ஒன்று தெளிவாக இருக்கிறது. திரையிலிருந்து தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"தெரியறதா?" என்றார் மாமா.

"தெரியறது மாமா" என்றேன்.

பொய். அந்தப் பொய் ஏன் வாயில் வந்தது, கேமராவுக்குத் தெரிந்தது என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்ததில் கிடைத்த குறிப்புகள் இவை.

வந்தவர் யார்?

அந்த வால்மீனின் பெயர் சி/2023 ஏ3 (சுசின்ஷான்–அட்லஸ்). வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் விலாசம் மாதிரி. சி என்றால் அடிக்கடி திரும்பி வரும் ரகம் இல்லை என்று அர்த்தம். 2023 கண்டுபிடித்த ஆண்டு. ஏ என்பது ஜனவரியின் முதல் பாதி. 3 என்றால் அந்தப் பதினைந்து நாளில் பதிவான மூன்றாவது. சுசின்ஷான் என்பது சீனாவின் ஊதாமலை வானாய்வகம். அட்லஸ் என்பது பூமியில் மோதக்கூடிய விண்கற்களைக் கண்காணிக்கும் டெலஸ்கோப் வலை. அதன் தென் ஆப்பிரிக்கக் கிளை 2023 பிப்ரவரியில் இதைப் பார்த்தது. முன்பு வால்மீனுக்கு மனிதர்களின் பெயர் அமையும். 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த நம் வைணு பாப்பு கண்டுபிடித்த வால்மீனுக்கு பாப்பு–போக்–நியூகிர்க் என்று பெயர். பிற்பாடு காவலூரில் வானாய்வகத்தை உருவாக்கியவர் அவர்தான். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்கள் பார்க்கின்றன.

இது பிழைத்து வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. வால்மீன் ஆராய்ச்சியில் பழம் தின்று கொட்டை போட்ட ஸ்டெனெக் செக்கானினா, 2024 ஜூலையில், இது சூரியனை நெருங்குவதற்குள் சிதறிவிடும் என்று கட்டுரையே எழுதினார். எங்கள் கோஷ்டிக்கு இதில் பழைய காயம் உண்டு. 2013இல் ஐசான் வால்மீனை 'நூற்றாண்டின் வால்மீன்' என்று உலகமே கொண்டாடியது. நாங்களும் கேமரா, லென்ஸ் எல்லாம் சேர்த்துவைத்துக் காத்திருந்தோம். அந்த நவம்பர் 28இல் சூரியனைச் சுற்றப் போனது, மறுபுறம் வெறும் தூசியாக வந்து கரைந்துபோனது. ஆகவே இந்த முறை யாரும் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பர் 27 அன்று, ஏறத்தாழ புதன் கோள் இருக்கும் தூரத்தில், இது சூரியனைச் சுற்றித் திரும்பியது. உடையவில்லை. அடுத்த நாளே பெங்களூர்ப் பக்கமிருந்து படங்கள் வரத் தொடங்கின. மாமாவும் வருகிறேன் என்றார்.

மாமா என்பது நண்பரின் அப்பா. எங்கள் எல்லோருக்கும் மாமா. வயது 78. ஒரு கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, மற்றதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். 1965 அக்டோபர் கடைசியில், ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி வீட்டு மொட்டைமாடியிலிருந்து இக்கேயா–செகி வால்மீனைப் பார்த்தவர். ஜப்பானில் காவோரு இக்கேயா, சுடோமு செகி என்ற இரண்டு அமெச்சூர்கள் தனித்தனியே கண்டுபிடித்தது அது. சூரியனை உரசுவதுபோல் கடந்து, விடிகாலைக் கிழக்கில் நீள வாலோடு எழுந்தது. "அப்போ ராஜகோபுரம் மொட்டை கோபுரமாத்தான் இருந்தது. வானத்துல தொடைப்பத்தை நிறுத்தி வெச்சாப்ல இருக்கும்" என்பார். அவருடைய அம்மா, ஆள்கிறவர்களுக்கு ஆகாது என்று மாடிக்கே வரவில்லையாம். அடுத்த ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்ததும், "நான் சொன்னேனோல்லியோ" என்றாராம்.

இது பழைய பயம். புறநானூற்றில் கூடலூர் கிழார், வானிலிருந்து மீன் ஒன்று விழக் கண்டு கலங்குகிறார். ஏழாம் நாள் சேரன் இறக்கிறான். அவர் பார்த்தது எரிமீனாகத்தான் இருக்க வேண்டும். எரிமீன் காற்றில் உரசி இரண்டு விநாடியில் எரிந்துபோகும் துகள். வால்மீன் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நாள்கணக்கில் நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்பது. ஒன்றை மற்றதோடு குழப்பிக்கொள்வது இன்றைக்கும் நடக்கிறது. 'ராத்திரி வால்மீன் விர்ரென்று போனதே' என்று யாராவது சொன்னால் அது வால்மீன் இல்லை.

ராத்திரி

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். விடிகாலைக் காட்சிக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று கேட்கலாம். இடத்தை இருட்டில் பழகிக்கொள்ள வேண்டும், லென்ஸைக் குறி பார்க்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் சொன்ன காரணம். ராத்திரி முழுக்க வானம் பார்த்து நாளாயிற்று என்பதுதான் உண்மை.

கல்லணை ரோட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் சரியான காரணம் இருந்தது. திருச்சியின் விளக்கு வெளிச்சம் எல்லாம் மேற்கே, நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கிழக்கே காவிரியும் வாழைத் தோப்பும் டெல்டாவும்தான். வால்மீன் எழ வேண்டிய திசை ஏறத்தாழ தஞ்சாவூர் இருக்கும் திசை. மாடியிலிருந்தே பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஸ்ரீரங்கத்து மாடியில் கிழக்கு அடிவானம் என்று ஒன்று இப்போது இல்லை. மாமா 1965இல் பார்த்த திசையில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது.

முதலில் சனிக்கோள். வளையம் மெலிந்து ஊசி போல இருந்தது. அடுத்த மார்ச்சில் அது நமக்கு முழுக்கப் பக்கவாட்டில் திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு மாதமும் இளைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஆண்ட்ரோமெடா. பிறகு ரிஷபத்தின் கொம்புகளுக்கு நடுவே பளபளத்த வியாழனின் பக்கத்தில், நண்டு நெபுலா என்கிற மங்கல் திட்டு. இந்த ராத்திரிக்கு இது பொருத்தமான தரிசனம். 1758இல், திரும்பி வர வேண்டிய ஹாலி வால்மீனைத் தேடிக்கொண்டிருந்த சார்ல் மெஸ்ஸியே, இந்தத் திட்டைப் பார்த்து வால்மீன் என்று ஏமாந்தார். நாள்கணக்கில் பார்த்தும் அது நகரவில்லை. இனிமேல் யாரும், குறிப்பாகத் தானும், இப்படி ஏமாறக்கூடாது என்று வால்மீன் அல்லாத மங்கல்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார். இன்று அமெச்சூர்கள் தேடித் தேடிப் பார்க்கும் மெஸ்ஸியே பட்டியல், அவரைப் பொறுத்தவரை 'இதையெல்லாம் பார்த்து நேரத்தை வீணாக்காதே' என்கிற பட்டியல்.

நாலரை மணிக்கு ஓரியன் கிட்டத்தட்ட உச்சியில். தெற்கே அகத்திய நட்சத்திரம் நன்றாக மேலேறி நின்றது. லண்டனில் இருப்பவர்களுக்கு இது எழுவதே இல்லை. மாமா காருக்குள் முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

20 பாகைக் கணக்கு

வால்மீன் அன்று வானத்தில் சூரியனிலிருந்து 20 பாகைக்குச் சற்று மேல் தள்ளி, சூரியனுக்கு முன்னால் எழுந்தது. கையை முன்னே நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, இரண்டு முஷ்டி. அவ்வளவுதான் மொத்தச் சொத்து. அதைச் சூரியனும் வால்மீனும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருந்தால் வானம் முழு இருட்டு. ஆனால் அப்போது வால்மீன் 2, 3 பாகை உயரத்தில், வாழை மரத்துக்குப் பின்னால். சூரியன் 6 பாகை கீழே வந்துவிட்டால் வால்மீன் 15 பாகை ஏறியிருக்கும். ஆனால் வானம் வெளுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில், சூரியன் 12 பாகை கீழே, வால்மீன் 8, 9 பாகை மேலே என்று ஒரு சமரசம். திருச்சியில் அன்று சூரிய உதயம் 6 மணி தாண்டி ஒன்றிரண்டு நிமிஷம். நம் ஊரில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக எழுவதால் ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். 12 பாகைக்கு 48 நிமிஷம். 6 மணியிலிருந்து கழித்தால் ஐந்தே கால் ஆகிறது. முன்னே பின்னே பத்து நிமிஷம் சேர்த்தால் அதுதான் எங்களுக்கு வாய்த்த முகூர்த்தம்.

செங்குத்தாக எழுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. லண்டன் அட்சரேகையில் எல்லாமே சாய்ந்து எழும். அதே நாளில், அங்கே சூரியன் 12 பாகை கீழே இருக்கும்போது, இந்த வால்மீனும் அடிவானத்தை ஒட்டியோ கீழேயோதான் கிடக்கும். அதே 20 பாகை, ஆனால் படுத்துக்கிடக்கும் 20 பாகை. காவிரிக் கரைக்கு நிமிர்ந்து நிற்கும் 20 பாகை. அதோடு, வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும். சூரிய ஒளியின் அழுத்தம் தூசியையும், சூரியக் காற்று மின்னேற்ற வாயுவையும் தள்ளுவதால் அப்படி. சூரியன் நேர் கீழே இருந்தால் வால் நேர் மேலே நிற்கும். மாமா சொன்ன துடைப்பம் 1965இல் நிமிர்ந்து நின்றதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் 8 பாகை உயரத்துக்கு வேறொரு விலை உண்டு. தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது ஒரு மடங்கு காற்று வழியாகப் பார்க்கிறோம் என்றால், 8 பாகை உயரத்தில் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஒவ்வொரு மடங்கும் வெளிச்சத்தில் கால் பங்கை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால் (ஆற்றங்கரை ஈரக்காற்றுக்கு இது அதிகப்படி இல்லை), கடைசியில் நம்மை வந்து சேர்வது நூற்றில் 13 பங்குதான். இணையத்தில் வால்மீனின் பிரகாச எண்ணைப் பார்த்துவிட்டு, 'பிரகாசமான நட்சத்திரம் மாதிரி தெரியுமாமே' என்று வெளியே வந்து ஏமாறுவது இதனால்தான். அதுவும் அந்தப் பிரகாசம் ஒரு புள்ளியில் இல்லை, தலையிலும் வாலிலும் பரவிக் கிடக்கிறது.

கேமரா என்ன செய்கிறது?

ஐந்து மணிக்குப் பிறை தெரிந்தது. மறுநாள் அமாவாசை. நூல் போன்ற தேய்பிறை, மங்கலாக முழு வட்டமும் தெரிய, வாழைத் தோப்புக்கு மேலே வந்தது. வால்மீன் அதற்கு வலப்புறம், ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில், கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்க வேண்டும். அந்தக் குறியை வைத்துத்தான் 200 மி.மீ. லென்ஸைத் திருப்பினோம்.

முதல் நாற்பது படங்களும் பாழ். மொத்தமும் புகைமூட்டம். மேகம் என்று நினைத்தேன். லென்ஸைத் தொட்டால் ஈரம். ஆற்றங்கரைப் பனி முன்கண்ணாடியில் படிந்திருந்தது. என் தப்புதான். கிளம்பும்போது வீட்டில் லென்ஸைச் சுற்றித் துண்டு கட்டச் சொன்னார்கள், கேட்கவில்லை. துடைத்து, மாமாவின் தோள் துண்டையே வாங்கி லென்ஸுக்கு முண்டாசு கட்டினோம். இதற்குள் எட்டு நிமிஷம் போய்விட்டது.

படம் எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கணக்கு இருக்கிறது. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. ஒரு பாகையில் 3600 விகலை. எங்கள் கேமராவில், 200 மி.மீ. லென்ஸ் வைத்தால், ஒரு பிக்சல் சுமார் 4 விகலை. அதாவது ஒரு விநாடிக்குள் நட்சத்திரம் மூன்று, நான்கு பிக்சல் தாண்டிவிடும். பத்து விநாடி திறந்துவைத்தால் புள்ளியெல்லாம் கோடாகும். இதற்கு ஒரு கைக்கணக்கு: 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் அனுமதிக்கப்பட்ட விநாடிகள். சின்ன சென்சார் கேமரா என்றால் இன்னொரு முறை ஒன்றரையால் வகுக்க வேண்டும். எங்களுக்கு வந்தது சுமார் ஒன்றரை விநாடி. 50 மி.மீ. லென்ஸ் வைத்திருந்த நண்பருக்கு ஆறேழு விநாடி.

ஒன்றரை விநாடியில் கிடைக்கும் படம் சொரசொரப்பாக இருக்கும். அதனால் ஒரே மாதிரி இருபத்தைந்து படங்கள் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பொருத்தி, சராசரி எடுக்கிறோம். வால்மீன் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். சொரசொரப்பு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். சராசரியில் அது தன்னைத் தானே அடித்துக்கொள்கிறது. எவ்வளவு குறையும் என்றால் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு: இருபத்தைந்து படத்துக்கு ஐந்து மடங்கு. நூறு எடுத்தால் பத்து மடங்குதானே, எடுக்க வேண்டியதுதானே என்றால், அருணோதயம் காத்திருக்காது. அந்த நேரத்தில் அடிவான வெளிச்சம் சில நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. பிந்திய படங்கள் வால்மீனைவிட வானத்தைத்தான் அதிகம் சேர்க்கும்.

இன்னும் இரண்டு கைப்பாடம். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கும் இடத்தை நம்பாதீர்கள். வியாழனையோ சிரியஸையோ திரையில் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, டேப் ஒட்டிவிடுங்கள். பொத்தானைக் கையால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். ட்ரைபாட் நன்றாக இருந்தாலும் நம் விரல் நன்றாக இல்லை.

5.12க்கு எடுத்த படத்தில் அது இருந்தது. பனைமரத் தலைக்கு மேல், மங்கல் மஞ்சளில், நிமிர்ந்த சுடர் போல.

கண் என்ன செய்கிறது?

இப்போது என் பொய்க்குத் திரும்புவோம். "தெரியறது மாமா" என்றேன். மாமா விடவில்லை.

"எங்கே, காட்டு."

பிறைக்கு வலது பக்கமாகக் கையைக் குத்துமதிப்பாக நீட்டினேன்.

"அங்கே ஒண்ணும் இல்லையேடா. அந்த ஒத்தைப் பனைமரம் இருக்கோன்னோ, அதுக்கு வலப்பக்கம் ரெண்டு விரல் தள்ளி, தலைக்கு மேலே. நட்டுக்கா நிக்கறது பாரு."

அவரிடம் நாங்கள் யாரும் திரையைக் காட்டியிருக்கவில்லை. காரிலிருந்து இறங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நண்பர் கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒற்றைப் பனைமரம். வலப்பக்கம். இரண்டு விரல். 78 வயதுக் கண் பார்த்துவிட்டது. பல வருஷமாக வானம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் கண் பார்க்கவில்லை.

காரணங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முதலாவது, கண்ணுக்குச் சேமிக்கத் தெரியாது. கேமரா ஒன்றரை விநாடி வெளிச்சத்தை ஒரே கணக்கில் வரவு வைக்கிறது. கண் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை கணக்கை முடித்துப் புதுப் பக்கம் திருப்பிவிடும். எவ்வளவு நேரம் வெறித்தாலும் கூட்டுத்தொகை ஏறாது. ஆனால் இது மாமாவின் கண்ணுக்கும் பொருந்தும் என்பதால் எனக்குச் சமாதானம் ஆகாது.

இரண்டாவது, நான் முக்கால் மணி நேரமாகப் பிரகாசமான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்கள் முழு உணர்வுக்கு வர இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். ஒரே ஒரு முறை போனைப் பார்த்தால் போதும், மறுபடி முதலிலிருந்து. மாமா காருக்குள் இருட்டில் கிடந்தார். போனும் இல்லை.

மூன்றாவது, கண்ணின் நடுப்புள்ளியில் கோல் செல்களே கிடையாது. அங்கே கூர்மையும் நிறமும் பார்க்கும் கூம்பு செல்கள்தான். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும். சற்றே தள்ளிப் பார்த்தால் தெரியும். அமெச்சூர்கள் எல்லோரும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம் இது. பதற்றத்தில் நான் அதை மறந்து முறைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவதுதான் நான் எதிர்பார்க்காதது. மாமா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். பொத்தியது ஆபரேஷன் ஆகாத கண்ணை. வயதாக ஆக நம் கண் வில்லை மஞ்சளாகிறது, கலங்குகிறது, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பிரகாசமான வானத்தின் முன்னால் நிற்கும் மங்கல் பொருளைப் பிரித்தறிய, இந்தச் சிதறல்தான் பெரிய எதிரி. அறுவையில் அந்தப் பழைய வில்லையை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை வில்லை வைக்கிறார்கள். ஆக அன்று அந்தக் கரையில் இருந்த லென்ஸ்களில் பனி படியாத, மஞ்சளாகாத லென்ஸ் ஒன்று மாமாவின் கண்ணுக்குள் இருந்திருக்கிறது.

"மாமா, எனக்குத் தெரியலை. சும்மா சொன்னேன்" என்றேன்.

"தெரியும். பனைமரத்தைப் பாரு. வால்மீனைப் பார்க்காதே. மரத்தைப் பார்த்துண்டே இரு, அது தானா வரும்."

பனைமரத்தின் தலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வலப்பக்கம் ஏதோ நிற்பதுபோல் இருந்தது. நேராகத் திரும்பினால் காணோம். மறுபடி மரம், மறுபடி அது. ஆனால் இப்போது எனக்கு இடம் தெரியும். திரையில் பார்த்தாயிற்று, மாமாவும் சொல்லிவிட்டார். தெரியும் என்பதால் தெரிகிறதா, தெரிவதால் தெரிகிறதா? ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொண்டேன். கண்ணை மூடி, திரும்பி, பத்தடி நகர்ந்து வந்து புதிதாகப் பார்ப்பது. நகர்ந்தால் பனைமரம் இடம் மாறும், வால்மீன் மாறாது. மனசு வரைந்த படமாக இருந்தால் மரத்தோடு சேர்ந்து அதுவும் நகர வேண்டும். மூன்று முறை செய்தேன். இரண்டு முறை, மரம் மாறியும், அது தன் இடத்தில் நின்றது. ஒரு முறை எதுவும் தெரியவில்லை. மூன்றுக்கு இரண்டு. பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள அது போதும் என்று முடிவு செய்தேன். 5.30க்கு எல்லோருக்கும் மறைந்துவிட்டது. கேமராவில் இன்னும் சில நிமிஷம் இருந்தது.

ஒரு பைனாகுலர் இருந்திருந்தால் இந்த நாடகமே வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முகப்புள்ள சாதாரணப் பைனாகுலர் இதை ஐந்து விநாடியில் காட்டியிருக்கும். டெலஸ்கோப்பை மறக்காமல் தூக்கிவந்த நாங்கள் அதை வீட்டில் விட்டுவிட்டோம். அடுத்த வால்மீனுக்குப் போகிறவர்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது அதைத்தான். கேமரா அப்புறம்.

அதற்குப் பிறகு

அடுத்த வாரம் வால்மீன் சூரியனுக்கும் நமக்கும் நடுவே நுழைந்தது. எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் ரோட்டுப் புழுதி பளீரென்று தெரிவதுபோல, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டதில் அதன் தூசி பல மடங்கு பிரகாசமாயிற்று. ஆனால் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருந்ததால், அப்போது பார்த்தது சோஹோ விண்கலம்தான். அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கிலோமீட்டரில். அதன் பிறகு மாலை மேற்கு வானத்துக்கு மாறியது. உலகின் பெரும்பகுதி அதை அழகாகப் பார்த்தது அந்த நாள்களில்தான். நமக்கு 15ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. திருச்சிக்கு வாய்த்தது அந்தச் சில விடிகாலைகள்.

80,000 ஆண்டு கழித்துத் திரும்பி வரும் என்று செய்தித்தாள்களில் போட்டார்கள். அந்த எண்ணை அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதன் பாதை, மூடிய நீள்வட்டத்துக்கும் திரும்பி வராத திறந்த வளைவுக்கும் நடுவில், மயிரிழையில் இருக்கிறது. கோள்களின் ஈர்ப்பு கொஞ்சம் இழுத்தால் ஒன்று, கொஞ்சம் தள்ளினால் மற்றது. நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

அக்டோபர் 2 மகாளய அமாவாசை. மாமா விடிகாலையிலேயே அம்மா மண்டபம் படித்துறைக்குத் தர்ப்பணம் செய்யப் போய்விட்டார். ஐந்தரைக்கு மகனின் போனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"இங்கே இந்த லைட்டுல ஒரு மண்ணும் தெரியலைடா. பாலத்துக்கு மேல எங்கே இருக்கணும்னு மட்டும் தெரியறது. பக்கத்துல ஒருத்தர் என்ன பாக்கறேள்னு கேட்டார். சொன்னேன். அவரும் நின்னு பாத்துண்டிருக்கார்."

"அவருக்குத் தெரியறதாமா?"

"தெரியறதுங்கறார்" என்றார் மாமா.